அப்பாவுக்கு, கார் வாங்காதது பற்றி

பெர்லின்,
பிப்ரவரி, ஞாயிறு மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு அனைவரும் நலமா? உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். உப்பு எடுக்கும்போதெல்லாம் உங்கள் கையெழுத்து கண்ணில் படும். டப்பாவைத் திரும்ப அதன்மேலேயே வைத்துவிடுவேன். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லையே என்று நீங்கள் திட்டியிருந்தால் பரவாயில்லை. "வேலை அதிகம் போல" என்று நீங்களே எனக்கான சாக்கையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். ஆமாம், வேலை அதிகம்தான். சரி, அதை விடுங்கள்.

நீங்கள் கேட்டிருந்தது கார். மூன்று வருஷமாகியும் வாங்கவில்லையா, அத்தை மகன் நியூஜெர்சி போன ஒன்பதாம் மாதமே வாங்கி மாலை போட்டு போட்டோ அனுப்பிவிட்டானே, டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்டாண்டில் கேட்பவர்களிடம், என் மகள் இருக்கிற ஊரில் தெருவுக்குத் தெரு அவளுக்குக் கார் நிற்கிறது என்று சொல்லுங்கள். பொய்யில்லை. போனைத் திறந்தால், எல்லாரும் மாறி மாறி எடுத்து ஓட்டக் கம்பெனிகள் விட்டிருக்கும் பங்குக் கார்கள் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் கால் மணி நேரம் எனக்காகக் காத்திருக்கும். நடந்து போய், கையிலிருக்கும் போனை வைத்தே கதவைத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பெனியின் எல்லைக்குள் எந்தத் தெருவிலும் நிறுத்திவிட்டு வந்துவிடலாம். பெட்ரோல், இன்சூரன்ஸ், பார்க்கிங் எல்லாம் அவர்கள் பாடு. சில கம்பெனிகள் நிமிஷக் கணக்கில் வாங்குகின்றன, சில கிலோமீட்டர் கணக்கில். நான் எடுப்பது கிலோமீட்டர் கணக்கு. கிலோமீட்டருக்கு ஒரு யூரோவுக்கு மேல் ஆகும். சிக்னலில் நிற்கும்போது மனது பதறுவதில்லை.

ஓட்டும் விதம் கேட்டால் சிரிப்பீர்கள். நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைக்கும்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுத வேண்டும். எழுத்தில் 30 கேள்வி, பத்துக்கு மேல் தப்புப் புள்ளி வாங்கினால் ஃபெயில். அதில் பிரச்சினை இல்லை. ஓட்டும் தேர்வில் முதல் தடவை ஃபெயில் ஆனேன், உங்களிடம் சொல்லவில்லை. அம்பாசிடரில் நீங்கள் கற்றுக்கொடுத்த பெண் ஃபெயிலா என்று கேட்பீர்களே. வலது பக்கம் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தேன், கழுத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பின்னால் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. இங்கே கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது. இன்னொன்று, தெரு முனையில் போர்டு எதுவும் இல்லையென்றால் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்குத்தான் முதல் வழி. பெரிய வண்டி, சின்ன வண்டி, யார் முதலில் ஹாரன் அடித்தது, எதுவும் செல்லாது. எட்டயபுரம் ரோட்டில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தால் எல்லாரும் சாயங்காலம் வரை அங்கேயே நிற்பார்கள்.

இனி கணக்கு. நீங்கள் ட்ரிப் ஷீட் எழுதுகிற மாதிரி நானும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போன வருஷம் 17 தடவை எடுத்தேன், மொத்தம் 396 கிலோமீட்டர், செலவு 540 யூரோ. மற்ற நாளெல்லாம் ரயில், டிராம், பஸ். நாடு முழுக்கச் செல்லும் ஒரே மாதச் சீட்டு. 2023-இல் தொடங்கியபோது 49 யூரோ, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ஏறிக்கொண்டுதான் போகிறது. சொந்தக் கார் என்றால்? இன்சூரன்ஸ் விசாரித்தேன்: வருஷத்துக்கு 1,240 யூரோ என்றார்கள். விபத்தில்லாமல் எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறோமோ அதற்கேற்பத்தான் இங்கே இன்சூரன்ஸ் குறையும். உங்கள் முப்பது வருஷத்தில் பத்தை எனக்கு எழுதி வைக்க முடியுமா என்று அந்த இன்சூரன்ஸ் ஆபீஸ் அம்மாவிடம் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது. அது போக வரி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நம்ம எஃப்.சி. மாதிரி ஒரு சோதனை. குளிர்காலத்துக்குத் தனி டயர் நாலு. கோடை டயரைக் கழற்றினால் வைக்க வீட்டில் ஏது இடம்? அதற்கென்றே மெக்கானிக் கடைகளில் இடம் இருக்கிறது, வாடகை கொடுத்து வைக்க வேண்டும். அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பேரே டயர் ஹோட்டல்தான். உங்களைச் சிரிக்க வைக்க நான் கட்டியது என்று நினைப்பீர்கள், சத்தியமாக இல்லை.

தெருவில் நிறுத்துவதற்கான சீட்டுதான் சல்லிசு, குடியிருப்பவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு 20 யூரோ 40 சென்ட். ஆனால் அது நிறுத்தலாம் என்கிற அனுமதி மட்டும்தான். இடத்தைத் தேடிப் பிடிப்பது நம் சாமர்த்தியம். இரவு எட்டு மணிக்கு மேல் வந்தால் இடம் தேடியே நாலு தெரு சுற்ற வேண்டும்.

பங்குக் காரிலும் குறை உண்டு. முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாருக்கும் ஒரே நாளில்தான் கார் தேவைப்படுகிறது. நவம்பரில் ஒரு ராத்திரி எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். அன்றும் பக்கத்தில் கார் இல்லை. பஸ்ஸில் போய் மருந்து வாங்கி வந்துவிட்டேன். சின்னக் காய்ச்சல்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம். ஒரு தடவை எனக்கு முன்னால் எடுத்தவர் போட்ட கீறலுக்கு என்னிடம் பணம் கேட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து போட்டோ எடுத்திருக்க வேண்டும், மழை என்று விட்டுவிட்டேன். பெரிய தொகை இல்லை. அதிலிருந்து மழையோ பனியோ, நீங்கள் காலையில் வண்டியைச் சுற்றி வருவது போல ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஏறுகிறேன்.

குளிர் பழகிவிட்டது. காலையில் கார்க் கண்ணாடியில் உப்புக்கல் படிந்த மாதிரி பனி ஒட்டியிருக்கும், சுரண்டினால்தான் வெளியே தெரியும். சுரண்டும் கட்டை காருக்குள் இருக்கும். ஆனால் காரைத் திறந்தால் நிமிஷக் கணக்கு வண்டியில் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். ஒரு தடவை ஒன்பது நிமிஷம் பணம் கொடுத்துச் சுரண்டினேன். அப்புறம் புத்தி வந்தது. இப்போதெல்லாம் எந்த வண்டியானாலும், காத்திருக்கும் அந்தக் கால் மணிக்குள், பூட்டிய காரை வெளியிலிருந்தே என் பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டிவிடுகிறேன். கோவில்பட்டியில் நாம் சேர்ந்து போய் வாங்கினோமே, அந்தக் கார்டு. போன வாரம் இரண்டாக உடைந்துவிட்டது.

இதையெல்லாம் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் எதிர்வீட்டுத் தாத்தா. போன கடிதத்தில் எழுதினேனே, ஜன்னல் விளிம்பில் தலையணை போட்டு முழங்கையை ஊன்றித் தெருவையே காவல் காப்பவர், அவர்தான். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றினால் மேலேயிருந்து சத்தம் வரும்: "அது சட்டப்படி தப்பு!" உண்மையிலேயே தப்புதான், அபராதம் உண்டு. அவரிடம் சொந்தக் கார் இருக்கிறது, வாசலில் லிண்டன் மரத்தடியில். கோடையில் அந்த மரத்திலிருந்து பிசின் போல ஏதோ சொட்டிக் காரே ஒட்டும். மாதத்துக்கு ஒரு தடவை அதைத் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, இரண்டு தெரு சுற்றி, அதே இடத்தில் நிறுத்துவார். அவர் திரும்பி வருவதற்குள் வேறு யாராவது இடத்தைப் பிடித்துவிடக் கூடாது என்று அவர் மனைவி அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இது சட்டப்படி சரியா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பகுதி முன்பு கிழக்கு பெர்லின். அந்தக் காலத்தில் டிராபண்ட் என்று ஒரு கார். பதிவு செய்துவிட்டுப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாராம் தாத்தா. கார் வந்த சில மாதத்தில் சுவர் இடிந்தது, அப்புறம் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. உங்களுக்குப் பிடிக்கும் என்று விசாரித்து வைத்தேன்: டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 26 குதிரைத்திறன், வெளிப் பாடி தகரமே இல்லை, பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்தது. நம்ம கரிசல் பருத்தியில் காரே செய்யலாம் என்று மில்லில் வேலை பார்த்த பெரியப்பாவிடம் சொல்லுங்கள். "நான் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தேன், நீ பன்னிரண்டு நிமிஷத்துக்கு முனகுகிறாய்" என்பார் தாத்தா. கார்ப் பங்கீடு ஒன்றும் புதுசு இல்லை என்றும் அவர்தான் சொன்னார். 1988-லேயே மேற்கு பெர்லினில் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்களாம். பேர் ஷ்டாட்ஆட்டோ. நகரக் கார் என்றும் காதில் விழும், காருக்குப் பதிலாக என்றும் விழும். சிலேடை.

ஆயுத பூஜைக்கு என்ன செய்தேன் என்று அம்மா போனில் கேட்டாள், மழுப்பிவிட்டேன். செய்தேன். காரை எடுத்து, பிரிட்ஸில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று கிளம்பினேன். ரயிலில் போகக்கூடிய இடம்தான், ரிங் ரயிலில் நொய்கோல்ன் போய் மாறி இரண்டே ஸ்டேஷன். ஆனால் அன்றைக்கு வண்டியில் போக வேண்டும் போல இருந்தது. முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். பொட்டு வைக்கப் பயம், கழுவும் கூலி கேட்பார்கள். மேலேயிருந்து தாத்தா, "வண்டி உருளாமலிருக்க அது போதாது, கல்லை வை!" என்றார். பூஜை என்று சொல்ல ஜெர்மன் வரவில்லை. "காருக்குப் பிறந்தநாள்" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நசுங்கின பழத்தைக் காணோம். தாத்தா பொறுக்கிக் கொண்டுபோய் மக்கும் குப்பைத் தொட்டியில் போட்டாராம். "எந்தக் கம்பெனி காருக்கு இனிமேல் பிறந்தநாள் வருகிறது என்று முன்கூட்டியே சொல்" என்கிறார்.

கோயிலிலிருந்து திரும்பும்போது தமிழ்க் கடையில் பத்து கிலோ அரிசி வாங்கினேன். டிக்கியைத் திறக்கச் சோம்பல்பட்டு முன்சீட்டில் வைத்தேன். கிளம்பியதும் வண்டி கீங் கீங் என்று கத்த ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், பெல்ட் போடவில்லை என்று அதற்கு நினைப்பு. ஓரமாக நிறுத்தி, அரிசி மூட்டைக்குப் பெல்ட் மாட்டினேன். சத்தம் நின்றது. அப்புறம் என்னவோ, உடனே கிளம்ப முடியவில்லை. நம்ம வண்டியில் முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடியில் சித்தப்பா பையன், கால் வைக்கிற இடத்தில் சாமிக்குப் படைத்த பொரிகடலைப் பை. ஜன்னல் ஓரத்துக்கு நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம். இங்கே நாலு ஜன்னலும் எனக்குத்தான். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் உயரத்துக்குத் தள்ளியிருக்கும் சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. நம்ம அம்பாசிடரில் நான் கற்றுக்கொண்டபோது நீங்கள் முதுகுக்குப் பின்னால் அம்மா புடவை மடிப்பை வைத்தீர்களே, இப்போது கிடைத்தால் அதற்கும் மணிக்கணக்கில் வாடகை கொடுப்பேன்.

சரி. நீங்கள் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன்.

தம்பி லோன் போட்டு டிசையர் எடுத்து டாக்ஸியாக ஓட்டப்போகிறேன் என்கிறானே, அவசரப்பட வேண்டாம். மாதத் தவணையை மட்டும் பார்க்கிறான். இன்சூரன்ஸ், பெர்மிட், டயர், வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கிற நாள், இதையெல்லாம் உங்கள் பழைய ட்ரிப் ஷீட்டை எடுத்துவைத்து அவனுக்கு ஒரு மாதத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஆறு மாதம் வேறொருவர் வண்டியைத் தினப்படிக்கு ஓட்டிப் பார்க்கட்டும். வீட்டுப் பத்திரத்தை மட்டும் எதற்காகவும் வெளியே எடுக்காதீர்கள். முன்பணத்துக்கு என்னைக் கேட்கச் சொன்னானாம். சித்திரைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லுங்கள். இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவாக இருக்கும். இங்கே ஆபீசில் வாரத்துக்கு நாலு நாள் என்று மாற்றியிருக்கிறார்கள், ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான். அம்மா முழங்காலுக்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்குத் தனியாக வைத்திருக்கிறேன்.

அம்பாசிடர் விஷயம். காயலான் கடைக்காரர் சொல்லும் விலைக்கு ஆசைப்பட வேண்டாம் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் ஷெட் ஒழுகுகிறது, எலி வயரைக் கடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னால் வந்து துடைத்து வைக்கவா முடியும்? உங்கள் இஷ்டம். சித்தப்பா பாதிப் பங்கு கேட்பது பற்றிக் கோபப்படாதீர்கள். 1996-இல் வாங்கும்போது அவர் எட்டாயிரம் போட்டதை ஆச்சி என்னிடமே சொல்லியிருக்கிறாள். ஆர்.சி. புத்தகம் பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் பேரிலேயே இருந்தாலும் சித்தப்பாவை உட்காரவைத்துப் பேசிவிட்டு விலை முடியுங்கள். செண்பகவல்லி கோயில் திருவிழாவுக்கு இரண்டு வீடும் ஒன்றாகப் போக வேண்டாமா?

கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா? அதுவரை ராத்திரியில் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். கடலைமிட்டாய் யார் மூலமாவது அனுப்பினால் இரண்டு பாக்கெட்டாக அனுப்புங்கள். ஒன்று எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு.

உங்கள் அன்பு மகள்

பி.கு.: வண்டியைக் கொடுப்பதாக முடிவானால், டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்ன ஃபேனை மட்டும் கழற்றி வையுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. தம்பியிடம் விட்டுவிடாதீர்கள், ஸ்க்ரூவைத் தொலைத்துவிடுவான்.