நஞ்சு அருந்தியவர் வந்து சேரும் முதல் அரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானபோது, நஞ்சு முறிவு சிகிச்சையைப் பற்றித் தமிழகம் முழுவதும் பேசினோம். பூச்சிமருந்தோ எலியைக் கொல்லும் பசையோ அரளி விதையோ உட்கொண்டவர்கள் அத்தகைய பரபரப்பு ஏதுமின்றி, ஒருவர் ஒருவராக நம் தாலுகா மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களை முதலில் பார்ப்பவர்கள் இரவுப் பணியில் இருக்கும் ஒரு செவிலியரும், பணியில் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு மருத்துவரும்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்த இருவருக்கும் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும் என்று இக்கடிதத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் கை தயங்குகிறது. ஓர் ஆம்பூலில், அதாவது ஊசிமருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியில், இருப்பது 0.6 மில்லிகிராம். முதல் ஊசிக்கே 3 முதல் 5 ஆம்பூல் வேண்டும். பலன் தெரியாவிட்டால், நெஞ்சில் கேட்கும் கரகரப்பு அடங்கி, நாடித்துடிப்பும் மேல் ரத்த அழுத்தமும் 80ஐத் தாண்டும் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்க வேண்டும். மூன்றில் தொடங்கி ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு என்று போனால் கால் மணி நேரத்தில் 45 ஆம்பூல் தீர்ந்துவிடும். மற்ற நேரங்களில் ஒன்றிரண்டு ஆம்பூல் மட்டுமே போட்டுப் பழகிய செவிலியர் இந்த எண்ணிக்கையைக் கேட்டு அஞ்சுவது இயல்பு. கண்மணி விரிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவதும், அளவு மீறி நோயாளி பிதற்றத் தொடங்கிய பிறகும் தொடர்வதும் எனக்குத் தெரிந்து நடந்திருக்கின்றன.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்த புதிதில், நினைவு மங்கிய ஓர் இளைஞரை நால்வர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மூச்சுக்குழாய்க்குப் பாதுகாப்பு ஏதும் செய்யாமல் வயிற்றுக்குள் குழாயைச் செலுத்தினோம். கழுவிய நீர் நுரையீரலுக்குள் போய்விட்டது. அவரைப் பிடித்திருந்த நால்வரில் நானும் ஒருத்தி. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, மருந்து நனைந்த உடையை அகற்றி, சோப்பு போட்டு உடலைக் கழுவுவதுதான் முதல் வேலை என்று அன்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

நன்றாக இருப்பதுபோல் தோன்றும் நோயாளியைக் கண்டு ஏமாறாமல் இருக்கவும் பயிற்சி வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பசையைத் தின்றவர் முதல் இரண்டு நாள் எழுந்து நடமாடுவார். அதன் பின்னரே கல்லீரல் செயலிழக்கும். அரளி விதை தின்றவருக்கு வெறும் வாந்திதானே என்று எண்ணி இ.சி.ஜி. எடுக்காமல் விட்டால், இதயத் துடிப்பு தடுமாறுவது தெரியாமலே போகும். பூச்சிமருந்திலிருந்து தேறியவர் இரண்டாம், மூன்றாம் நாளில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் தவித்தால், அடுத்துத் தளரப்போவது அவருடைய மூச்சு என்பதை வார்டு செவிலியர் அறிந்திருக்க வேண்டும்.

காவல்துறைக்குத் தகவல் போகட்டும் என்று சிகிச்சையைத் தாமதப்படுத்தவே கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்பளித்துவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ஆனாலும் "ஏன் குடித்தாய்?" என்ற அதட்டல் நம் அவசரப் பிரிவுகளில் இன்னும் ஓயவில்லை. அதட்டப்பட்டவர் எதைக் குடித்தார் என்பதைக்கூட மறைத்துவிடுகிறார்.

மாவட்டத் தலைநகரில் ஒரு நாள் வகுப்பு நடத்தி, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது போதாது. அந்தந்த மருத்துவமனையிலேயே, இரவுப் பணியாளர்களையும் வார்டு உதவியாளர்களையும் 108 ஊர்தியில் வருவோரையும் சேர்த்து, ஆம்பூல்களை உடைத்து ஊசியில் ஏற்றுவது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண்ணான 1800 116 117 ஒவ்வொரு அவசரப் பிரிவின் சுவரிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது அட்ரோபினைத் தொடங்கிவிட்டு, எத்தனை ஆம்பூல் போட்டோம் என்று எழுதிக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையின் மருந்து அலமாரியிலும் இன்றிரவு எத்தனை ஆம்பூல் அட்ரோபின் இருக்கிறது என்று சுகாதாரத் துறை எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.