வியட்நாம் மனிதர்கள் கண்காட்சி: எட்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

டிசம்பர் முதல் வாரத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடத்தும் கண்காட்சிக்கு இந்த ஆண்டு வியட்நாம் மனிதர்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நாட்டிலேயே இருந்து சாதித்தவர்களும் உண்டு. அங்கிருந்து கிளம்பிப் பிற நாடுகளில் பெயர் பெற்றவர்களும், அவர்களின் பிள்ளைகளும் உண்டு. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மனிதர். யாருக்கு யார் என்ற பட்டியல் பிள்ளைகளின் டைரியில் ஒட்டப்பட்டிருக்கிறது.

புதுச்சேரியில் இருந்துகொண்டு வியட்நாமை அந்நிய நாடு என்று ஒதுக்க முடியாது. பிரெஞ்சுப் படையிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்க இங்கிருந்து சைகோனுக்குப் போனவர்கள் பலர் அங்கேயே மணம் முடித்து, பின்னாளில் மனைவி மக்களோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் 'வியட்நாம்' என்றால் பிள்ளைகள் சொல்லும் முதல் சொல் 'போர்' என்பதாகவே இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவையும் போர்ப் படங்களே. போரை மறைக்கச் சொல்லவில்லை. 1973 ஜனவரி 27 அன்று பாரீஸ் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்களில் ஒரே பெண்ணான நுயென் தி பின் என்பவருக்கு ஒரு பலகை இருக்கிறது. போரைச் சொல்லாமல் அவரைச் சொல்லவே முடியாது. மற்றவர்களுக்கு அவரவர் வேலைதான் முன்னால் வர வேண்டும்.

முக்கியமான விதி ஒன்று வைத்திருக்கிறோம். விருதுகளின் பட்டியல் பலகையின் கடைசி இரண்டு வரிகளில் அடங்கிவிட வேண்டும். மீதி இடமெல்லாம் அந்த மனிதர் செய்த வேலை எப்படி நடந்தது என்பதற்கே. பார்க்க வருபவர் கையால் செய்துபார்க்க ஏதாவது ஒன்று மேசைமேல் இருக்க வேண்டும். இதற்குத்தான் உங்கள் உதவி தேவை.

முதலில் நெல். வோ தோங் சுவான் (1940–2024) மெக்காங் கழிமுகத்தைச் சேர்ந்த வேளாண் அறிஞர், கான் தோ பல்கலைக்கழகப் பேராசிரியர். 1970-களின் பிற்பாதியில் புகையான் பூச்சி அந்தப் பகுதி வயல்களைச் சுட்டுப் பொசுக்கியது போலாக்கியபோது, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்களின் விதையை வரவழைத்தார். வந்தது மூட்டையில் அல்ல, உறைக்கு 5 கிராம். அவற்றில் ஐ.ஆர்.36 தாக்குப்பிடித்தது. குத்துக்கு (நடும் ஒவ்வோர் இடத்துக்கும்) ஒரே நாற்று நட்டு, கிடைத்ததையெல்லாம் மறுபடி விதையாக்கி, டன் கணக்கில் பெருக்கினார். பிறகு பல்கலைக்கழகத்தை இரண்டு மாதம் மூடவைத்து, மாணவர்களின் கையில் ஆளுக்கு 1 கிலோ விதை கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். அவர்கள் உழவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவை மூன்று: நாற்றங்கால் தயாரிப்பது, வயலைப் பண்படுத்துவது, ஒற்றை நாற்று நடுவது. அவருக்கு 1993-இல் மகசேசே விருது கிடைத்தது. 2023-இல் வியட்நாமில் வழங்கப்படும் வின்ஃபியூச்சர் அறிவியல் பரிசை, ஐ.ஆர்.36-ஐ உருவாக்கிய பஞ்சாபைச் சேர்ந்த குர்தேவ் சிங் குஷ்ஷோடு பகிர்ந்துகொண்டார். இந்தக் கண்காட்சியில் நான் மிகவும் எதிர்பார்க்கும் மேசை இதுதான்.

இந்தக் குழுவினர் எலக்ட்ரானிக் தராசில் 5 கிராம் விதைநெல்லை நிறுத்து எண்ண வேண்டும். நடுத்தர ரகமானால் 200 முதல் 250 மணி வரும். பொன்னி போன்ற சன்ன ரகமானால் கூடும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒற்றை நாற்றாக நட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்து. அப்படியானால் 220 மணிக்கு ஏறத்தாழ 14 சதுர மீட்டர். அந்த அளவை, அதாவது 3.5 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டத்தை, விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புத் தூளால் வரைந்து காட்டப்போகிறோம். ஒரு நாட்டின் கழிமுகத்துக்கான விதை இவ்வளவு சின்ன இடத்திலிருந்து தொடங்கியது என்பது கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும்.

மேசைக்கு நாற்றுத் தட்டும் வேண்டும். விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரச்சாக்கில் சுற்றி இன்னொரு நாள் வையுங்கள். முளை எட்டிப்பார்த்ததும் அடியில் துளையிட்ட தட்டில் மண்ணும் மட்கிய எருவும் கலந்து பரப்பி விதைக்கலாம். கண்காட்சிக்கு 15 நாள் முன்பு விதைத்தால் சரியான உயரத்தில் நாற்று இருக்கும். கடையில் அரிசி வாங்கி ஊறவைக்காதீர்கள். அரைத்த அரிசியில் முளைக்கருவும் உமியும் போய்விடுவதால் அது முளைக்காது. விதைத்த முதல் வாரத்தில் தட்டில் தண்ணீர் தேங்கினால் முளை அழுகும். ஈரம் போதும், வெள்ளம் வேண்டாம்.

நோ பாவ் சௌ குழுவின் பெற்றோர் சிலர், கணிதம் கடினமாயிற்றே, வேறு ஆளை மாற்றித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். மாற்ற வேண்டியதில்லை. 1972-இல் ஹனோயில் பிறந்த இவர், கணிதத்தின் வெவ்வேறு கிளைகளை இணைக்க முயலும் லாங்லாண்ட்ஸ் திட்டத்தில் முப்பது ஆண்டு போலத் தீராமல் நின்ற 'அடிப்படைத் துணைத்தேற்றம்' என்பதை நிறுவியதற்காக 2010 ஆகஸ்டில் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். பதக்கம் வழங்கப்பட்ட உலகக் கணித மாநாடு நடந்தது நம் ஹைதராபாத்தில். அந்தத் தேற்றத்தைப் பிள்ளைகள் விளக்க வேண்டாம்; இணையத்திலிருந்து புரியாத பத்தியை எழுதி ஒட்டவும் வேண்டாம். அவர் பள்ளி மாணவராக 1988-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 42-க்கு 42 எடுத்தார். இரண்டு நாள், நாளுக்கு நாலரை மணி நேரம், மூன்று கணக்கு, கணக்குக்கு 7 மதிப்பெண். அந்த ஆண்டின் ஆறாம் கணக்கை முழுமையாகச் செய்தவர்கள் பதினொரு பேர் மட்டுமே. அவர்களில் இவரும் ஒருவர்.

அந்தக் கணக்கின் கேள்வி எட்டாம் வகுப்புக்குப் புரியும். இரண்டு மிகை முழு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி, அவற்றின் பெருக்கற்பலனோடு ஒன்றைக் கூட்டி வருவதால் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால், விடை கட்டாயம் ஒரு வர்க்க எண்ணாக இருக்கும் என்று நிறுவ வேண்டும். 2, 8 என்றால் 68-ஐ 17-ஆல் வகுக்க 4. 3, 27 என்றால் 738-ஐ 82-ஆல் வகுக்க 9. 8, 30 என்றால் 964-ஐ 241-ஆல் வகுக்க மறுபடி 4. பெரும்பாலான ஜோடிகள் வகுபடவே மாட்டா. அங்கேதான் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள். முதலில் ஓர் எண்ணையும் அதன் கனத்தையும் (2-உம் 8-உம், 3-உம் 27-உம், 4-உம் 64-உம்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எப்போதும் வகுபடும். ஏன் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள். மேசையில் கால்குலேட்டரும் வெற்றுத்தாளும் இருந்தால் போதும்.

வானியல் பலகை லூ லெ ஹாங்குக்கு. ஜேன் லூ என்ற பெயரில் உலகம் அறிந்தவர். 1963-இல் சைகோனில் பிறந்து 1975-இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். 1992-இல் டேவிட் ஜூயிட்டோடு சேர்ந்து, நெப்டியூனுக்கு அப்பால் சூரியனைச் சுற்றும் சிறு பொருள்களின் வளையமான கைப்பர் பட்டையின் முதல் பொருளைக் (புளூட்டோவையும் அதன் துணைக்கோளையும் விட்டால்) கண்டுபிடித்தார். ஐந்து ஆண்டு தேடியபின், ஹவாய்த் தீவின் மௌனா கேயா மலையிலுள்ள தொலைநோக்கியில் கிடைத்தது அது. முறை எளிது: வானத்தின் ஒரே துண்டை ஒரே இரவில் சில முறை படமெடுப்பது, படங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது. நட்சத்திரங்கள் அசையாது. அருகிலுள்ள சிறுகோள் வேகமாக நகரும். தொலைவிலுள்ளது மிக மெதுவாக நகரும்.

இதை வீட்டில் செய்ய, ஒரு ஏ4 தாளில் நாற்பது புள்ளி குத்தி ஜெராக்ஸ் எடுங்கள். பிரதியில் ஒரு புள்ளியை மட்டும் வெள்ளை மையால் அழித்து, 3 மில்லிமீட்டர் தள்ளி மறுபடி குத்துங்கள். இரண்டாவது தாளைக் கையால் புதிதாக வரைந்தால் எல்லாப் புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து விளையாட்டே கெட்டுவிடும். இரண்டையும் பஞ்ச் செய்து நூலால் கட்டி, புரட்டிப் பார்க்கும்படி வையுங்கள்.

ஃபாம் துவான் 1980 ஜூலை 23 அன்று சோயூஸ் 37 விண்கலத்தில் சென்று சல்யூட் 6 நிலையத்தில் தங்கி, 31 அன்று திரும்பினார். விண்வெளியில் வளர்கிறதா என்று பார்க்க அவர் எடுத்துச்சென்றவற்றில் ஒன்று அசோலா என்ற, நீரில் மிதக்கும் சிறு பெரணி. அது தன் இலைக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசியின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஆகவே வியட்நாம் உழவர்களுக்கு நெடுங்கால உரம். நம் பக்கத்தில் மாட்டுத்தீவனத்துக்கு வளர்க்கிறார்கள், கேட்டால் ஒரு கைப்பிடி தருவார்கள். ஒரு டப்பாவில் 10 சென்டிமீட்டர் தண்ணீர், அடியில் சிறிது மண், ஒரு சிட்டிகை சூப்பர் பாஸ்பேட். அரைநிழலில் வையுங்கள். வெயில் அதிகமானாலும் பாஸ்பரஸ் குறைந்தாலும் சிவந்துபோகும்.

விளையாட்டில் இரண்டு பலகை. ஹோவாங் சுவான் வின், 2016 ரியோவில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியில் வியட்நாமின் முதல் ஒலிம்பிக் தங்கம் பெற்ற ராணுவ அதிகாரி. இருபது குண்டுக்கு 202.5, கடைசிக் குண்டுக்கு முன் 0.2 பின்தங்கியிருந்து, 10.7 அடித்து முந்தினார். இலக்கு அட்டையை உண்மை அளவில் வரையலாம்: பத்துப்புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஆரம் 8 மில்லிமீட்டர் கூடும், கடைசி வட்டம் 155.5. காம்பஸில் விட்டத்தை ஆரமாக வைத்துவிட்டால் இலக்கு இரட்டிப்பாகிவிடும், 5.75-இல் தொடங்குங்கள். அட்டையை நடைக்கூடத்தில் 10 மீட்டர் தள்ளி மாட்டுவோம். பொம்மைத் துப்பாக்கி எதுவும் பள்ளிக்குள் வரக்கூடாது. அதே ஆண்டு லே வான் கோங் பாராலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 183 கிலோ தூக்கி உலக சாதனையோடு தங்கம் வென்றார். தன் எடையைப்போல் ஏறக்குறைய 3.7 மடங்கு. இந்தப் பலகையில் பரிதாபச் சொற்கள் வேண்டாம். எடையும் கணக்கும் இருந்தால் போதும்.

1980-இல் வார்சாவில் ஷோப்பின் பியானோ போட்டியை வென்ற முதல் ஆசியர் டாங் தாய் சோன், நடிகர் கே ஹூய் க்வான், கவிஞர் ஓஷன் வுவாங் ஆகியோருக்கான பலகைகளின் விவரத்தை வகுப்பாசிரியர் தருவார்.

இனிப் பெயர்கள். பிழை அதிகம் வருவது இங்கேதான். வியட்நாமில் குடும்பப்பெயர் முதலில், சொந்தப்பெயர் கடைசியில். ஆகவே இரண்டாம் முறை குறிப்பிடும்போது 'சௌ' என்றோ 'துவான்' என்றோ எழுத வேண்டும். 'நோ', 'ஃபாம்' என்றல்ல. ஹோ சி மின் இதற்கு விலக்கு. அது அவர் பின்னாளில் சூடிக்கொண்ட பெயர், 'ஹோ' என்றே வழங்கிவிட்டது. வெளிநாட்டில் வாழ்பவர்கள் பலர் வரிசையை மாற்றிக்கொண்டார்கள்: ஜேன் லூ, எழுத்தாளர் வியட் தான் நுயென். அங்கே கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர். 'திக்' என்பது திக் நாட் ஹான் போன்ற வியட்நாமியப் பௌத்தத் துறவிகள் ஏற்கும் பெயர், குடும்பப்பெயர் அல்ல. நுயென் என்ற குடும்பப்பெயர் அந்நாட்டில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு இருப்பதால், பெயரை மட்டும் நம்பிப் படம் எடுத்தால் வேறொருவர் வந்து நிற்பார். பிறந்த ஆண்டையும் துறையையும் ஒத்துப்பாருங்கள்.

'முதல்' என்ற சொல்லுக்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள். துவான், சோவியத் நாட்டவரல்லாத முதல் ஆசிய விண்வெளி வீரர். வெறுமனே 'முதல் ஆசியர்' என்றால் வழக்கு உண்டு. சௌ ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற முதல் வியட்நாமியர். ஆசியர்களில் ஜப்பானின் கொடைரா 1954-லேயே பெற்றுவிட்டார். பாரீஸ் பேச்சுவார்த்தையில் வட வியட்நாமுக்காகப் பேசிய லே டக் தோவுக்கு 1973-இல் அமைதிக்கான நோபல் அறிவிக்கப்பட்டது, அவர் வாங்க மறுத்தார். 'பெற்றார்' என்று எழுதக்கூடாது. க்வான் சைகோனில் சீன வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

வரைபடத்தில் சைகோன் 1976 முதல் ஹோ சி மின் நகரம். 1971-இல் பிறந்தவருக்கு 'சைகோன்', 1988-இல் பிறந்தவருக்குப் புதிய பெயர். 2025 ஜூலையில் மாகாணங்கள் 63-இலிருந்து 34 ஆகக் குறைக்கப்பட்டன. பழைய அட்லஸைப் பார்த்து மாகாண எல்லை வரைய வேண்டாம், நாட்டின் எல்லையும் ஊரின் புள்ளியும் போதும்.

பலகை ஒரு முழு சார்ட். எழுத்து 120 சொல்லுக்கு மிகாமல், பிள்ளையின் சொந்தக் கையெழுத்தில். தலைப்பு 2.5 சென்டிமீட்டர், மற்றவை 1 சென்டிமீட்டர் உயரம். அதற்குக் குறைந்தால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும். முகத்தைப் பென்சிலால் வரையட்டும். நெட் சென்டரில் அடித்த வண்ணப் பிரிண்ட்டையும், காசு கொடுத்துச் செய்த மாடலையும் ஏற்கமாட்டோம். அந்தப் பிள்ளை தன் பலகையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசும். நாங்கள் கேட்பது 'இது ஏன் இப்படி?' என்ற கேள்வியாக இருக்கும். வீட்டில் அந்தக் கேள்வியை நீங்களும் கேட்டுப் பழக்கலாம், பதிலை எழுதிக்கொடுக்காமல்.

சைகோன் தொடர்புள்ள குடும்பத்தார் விரும்பினால் தனி மேசை தருகிறோம். புகைப்படம், சமையல் பாத்திரம், கடிதத்தின் உறை எதுவானாலும் சரி. மூலப் புகைப்படத்தைக் கொடுக்காதீர்கள், பிரதி போதும். வீட்டுப் பெரியவரின் பெயரைப் போடலாமா என்று அவரையே கேட்டு, சம்மதத்தை எழுதித் தாருங்கள். வேண்டாம் என்றால் பெயரின்றி வைப்போம். பாட்டிமார் வந்து பிள்ளைகளிடம் பேச முன்வந்தால் சனிக்கிழமை காலையை ஒதுக்கித் தருகிறேன், ஏறி இறங்கச் சிரமமில்லாத கீழ்த்தள அறையில்.

எழுத்து வரைவு நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வர வேண்டும். சார்ட்டில் எழுதுவது அவர் திருத்திக் கொடுத்த பிறகே. நெல் குழு மட்டும் விதைநெல்லை இப்போதே வாங்கி, இருபது மணியை ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பாருங்கள். பதினாறுக்குக் குறைவாக முளைத்தால் விதையை மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்