ஓவனில் பண்டி றோஸ்ட்

அன்பு மச்சான்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் நோ குறைந்தது சந்தோஷம், ஆனால் பனியில் வீரம் காட்டாதே. இங்கே மாரி தொடங்கி ஒழுங்கையெல்லாம் வெள்ளம், மற்றபடி எல்லாரும் சுகம்.

சரி, உன் பண்டி இறைச்சிக்கு வருவோம். ஒரு மணித்தியாலம் ஓவனில் வைத்தேன், விறகு மாதிரி வந்தது என்று எழுதியிருக்கிறாய். வேறெப்படி வரும்? நீ வாங்கியது டெண்டர்லொயின், முள்ளந்தண்டின் உட்பக்கமாக ஓடுகிற ஒல்லித் தசை, அதற்குப் பெரிய வேலை இல்லாததால்தான் அவ்வளவு மெது. நத்தாருக்குத் தோலும் கொழுப்புமாக வாங்கி, வறுத்த தூள் போட்டு நின்று வற்றவிடுவோமே, அந்த இறைச்சியில் உருகுவதற்கு ஏதோ இருக்கிறது. இதில் ஒன்றுமில்லை, இருக்கிற ஈரமும் போனால் முடிந்தது கதை.

முதலில் மேலே மினுங்குகிற வெள்ளைச் சவ்வைக் கூர்க்கத்தியால் உரித்துவிடு, அது ஓவன் சூட்டில் கரையாது, இறைச்சியைத்தான் சுருட்டி இழுக்கும். வால் நுனியை உள்ளே மடித்து நூலால் கட்டு. உப்பும் இடித்த மிளகும் போட்டுத் தாச்சியில் நல்ல சூட்டில் எல்லாப் பக்கமும் சிவக்கப் பிரட்டு. உள்ளியும் கடுகும் அரைத்ததை அதற்குப் பிறகுதான் பூச வேண்டும், முந்திப் போட்டால் கருகிக் கைக்கும். மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம், உன் கை சும்மா இராது என்று தெரியும்.

200 பாகை செல்சியஸ் ஓவனில், அரைக் கிலோத் துண்டுக்கு 15 முதல் 20 நிமிடம். விசிறி உள்ள ஓவன் என்றால் 180 போதும். ஆனால் மணிக்கூட்டை நம்பாமல் தெர்மாமீட்டரைத் தடித்த இடத்தின் நடுவில் குத்திப் பார். 60 காட்டினால் வெளியே எடுத்து லேசாக மூடி வை, உள்சூடு தானாக ஏறும், 63 வந்ததா என்று திரும்பவும் ஒருக்கால் பார்த்துக்கொள். பத்து நிமிடம் பொறுத்து, நாருக்குக் குறுக்கே வெட்டு.

நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கும், பயப்படாதே. பண்டியை நல்லா அவிக்காவிட்டால் பூச்சி என்று அம்மாமார் சொல்லி வளர்ந்த எங்களுக்கு மனம் வராதுதான். அமெரிக்க விவசாயத் திணைக்களமே முந்தி 71 என்றுதான் சொன்னது, 2011இல் முழுத்துண்டுக்கு 63 என்றும் பிறகு 3 நிமிடமாவது ஆறவிட வேண்டும் என்றும் மாற்றியது. அரைத்த இறைச்சிக்கு இன்னும் 71தான், அதில் விளையாடாதே.

பனங்கட்டி மிச்சம் இருந்தால் தேசிப்புளியில் கரைத்துக் கடைசி ஐந்து நிமிடத்தில் பூசிப் பார், எனக்கு அது நல்லாய்ப் பிடிக்கும், மனிசிக்குப் பிடிக்காது. மிஞ்சினால் மெல்லிசாக வெட்டி அடுத்த நாள் பாணுக்குள் வை, சூடாக்காதே.

அப்புறம், தை மாதம் வரும்போது எனக்கொரு தெர்மாமீட்டர் கொண்டு வா. என்னுடையதைத் தம்பி இரவல் வாங்கிப் போனவன், கேட்டால் தேடுகிறேன் என்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்