வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கு: வகுப்பறையில் ஆசிரியரின் கைத்தொலைபேசிக்கு அனுமதி தாருங்கள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

நாள்தோறும் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குச் சென்று, சாதாரண தர வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் நான். புதிய உபகரணம் எதையும் கேட்டு இம்மடலை எழுதவில்லை. முன்பு பணியாற்றிய பாடசாலையொன்றில், அன்பளிப்பாகக் கிடைத்த ஸ்மார்ட் பலகை, பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சத்தால் இரண்டு ஆண்டுகள் உறைகூடக் கழற்றப்படாமல் பூட்டிய அறைக்குள் கிடந்ததைக் கண்டவன் நான்.

சென்ற தவணையில் வட்டத்தின் கோணங்களைக் கற்பிக்க ஜியோஜிப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2001இல் ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணி ஆய்வாகத் தொடங்கப்பட்ட இம்மென்பொருள், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் டேட்டா இல்லாமலே இயங்கும். ஒரே வில் மையத்தில் எதிரமைக்கும் கோணம் 80 பாகை, பரிதியில் 40 பாகை. என் தொலைபேசி வாங்கு வாங்காகக் கைமாறியது. புள்ளியைப் பரிதி வழியே இழுக்க இழுக்க 40 அசையாமல் நின்றது. கடைசி வாங்கு மாணவன் ஒருவன் அதை நாணின் மறுபக்கத்துக்கே தள்ளிவிட்டு, "சேர், இப்ப நூற்றி நாற்பது காட்டுது!" என்றான். எதிர்க்கோணங்கள் கூடி 180 பாகையாகும் வட்ட நாற்பக்கலை அடுத்த கிழமை தொடங்க எண்ணியிருந்தேன். அவன் அன்றே தொடங்கிவைத்தான். (கோணத்தை 180 பாகைக்குள் காட்டுமாறு முன்கூட்டியே அமைக்க வேண்டும், இல்லையேல் 220 என்று காட்டும். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நானே அதில் திணறிப்போனேன்.)

விஞ்ஞான ஆசிரியர்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) எனும் திரைவழிச் செயன்முறைகள் இருக்கின்றன. மின்சுற்றைத் திரையிலேயே இணைத்துப் பார்க்கலாம், தரவிறக்கி இணையமின்றியும் இயக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ கற்றல் இணையத்தளமோ ஏற்கெனவே நம்முடையது. இவற்றின் பெயர்களைச் செயலமர்வுகளில் திரையிட்டுக் காட்டுகிறார்கள். நாங்கள் குறித்துக்கொண்டு வருகிறோம். சிக்னல் ஒரு கோடுகூட ஏறாத வகுப்பறையில் அக்குறிப்பு எதற்கு உதவும்?

ஆகவே, ஒவ்வொரு கோட்டக் கல்வி அலுவலகத்திலும் இம்மென்பொருள்களையும் கோப்புகளையும் பாட அலகு வாரியாகத் தொகுத்து வைத்து, பென்டிரைவுடன் வரும் ஆசிரியர் எவரும் பிரதி செய்துகொள்ள வழிசெய்யுமாறு வேண்டுகிறேன். செயலமர்வில் ஆசிரியர் தம் தொலைபேசியிலேயே ஒரு பாடத்தை உருவாக்கி முடித்த பின் வீடு திரும்பட்டும், அரைநாள் போதும்.

எல்லாவற்றிலும் அவசரமானது மற்றொன்று. கற்பித்தலுக்காகக் கைத்தொலைபேசி ஏந்திய ஆசிரியரைக் கடமை தவறியவராக மேற்பார்வைக்கு வருவோர் கருதாதிருக்க, எழுத்துமூல அறிவுறுத்தல் ஒன்று வேண்டும். அன்று அந்த மாணவன் 140 என்று கூவியபோது, வாசலில் யாரேனும் நிற்கிறார்களா என்றுதான் நான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

இங்ஙனம்,
கணித ஆசிரியர் ஒருவர்,
படுவான்கரை.