அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சொன்னாயே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடனை அடைக்க நீ கேட்ட தொகை பெரிது என்பதால் இல்லை, அதை எப்படியாவது புரட்டிவிடலாம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, மாப்பிள்ளையை நினைத்து "அவருக்குத் தெரிய வேண்டாம்பா" என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் படுக்க விடவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று என் கூட வேலை பார்த்தவரிடம் கெஞ்சியிருக்கிறேன். போனில் இதையெல்லாம் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி, முடிந்தால் இரண்டு தடவை படி.

நீ நான்காவது படித்துக்கொண்டிருந்த வருடம். எனக்கு ஒரு கிரெடிட் கார்டு பாக்கி, கூட வேலை பார்த்த அவரிடம் வாங்கிய கைமாற்று, இரண்டையும் அடைக்கலாம் என்று வாங்கிய தனிநபர் கடன் ஒன்று, ஆக மூன்று கடன். மூன்றாவது கடனை வாங்கிய அன்று ரொம்ப நிம்மதியாக இருந்தது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்துவிட்டோம், இனி ஒரே தவணைதான் என்று நினைத்தேன். கார்டு பாக்கியை அடைத்தேன். ஆனால் கார்டை வெட்டிப் போடவில்லை. ஒரு வருடத்துக்குள் அது மறுபடி நிறைந்துவிட்டது, கைமாற்றையும் முழுக்கத் திருப்பிக் கொடுக்கவில்லை, தனிநபர் கடன் தவணை வேறு ஓடிக்கொண்டிருந்தது. மாதத்தின் முதல் வாரத்திலேயே சம்பளம் காலியாகிவிடும். வங்கியிலிருந்து வரும் கடிதங்களை வேலைக்குக் கொண்டுபோகும் பையின் அடியில் மடித்து வைத்திருந்தேன். அம்மா ஒரு நாள் அந்தப் பையைத் துவைக்க எடுத்தாள்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. எல்லாக் கடிதத்தையும் தரையில் பரப்பி வைத்துப் படித்துவிட்டு, உள்ளே போய்த் தன் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஆறு வருடமாக வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து அவள் போட்டு வைத்த பணம். அதற்கு வருடத்துக்கு 4 சதவீதம் வட்டி வந்துகொண்டிருந்தது. என் கார்டு பாக்கிக்கு மாதத்துக்கு 3 சதவீதம் வட்டி போய்க்கொண்டிருந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே. "நான் ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தேன், நீங்கள் இன்னொரு பக்கம் குடத்தையே ஓட்டை போட்டிருக்கிறீர்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறைத்தால் இதுதான் நடக்கும், பாப்பா. இதில் மனவருத்தம் மட்டும் இல்லை, கணக்கே தப்பாகப் போகிறது. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கடன் அடைக்க முடியாது, ஏனென்றால் எதைக் குறைக்கலாம், எதை எடுத்து எதில் போடலாம் என்று முடிவெடுக்க இரண்டு பேர் பணமும் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். மாப்பிள்ளை இந்த மாதம் உன்னிடம் ஏதாவது வாங்கலாமா என்று கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய்? காரணம் சொல்ல முடியாமல் சரி என்பாய். அந்தச் செலவும் கடனில்தான் போய் உட்காரும்.

நீ கார்டில் ஒவ்வொரு மாதமும் "குறைந்தபட்சத் தொகை கட்டிக்கொண்டுதான் இருக்கேன்" என்று சொன்னாய். நானும் அப்படித்தான் கட்டினேன், ஒழுங்காகத்தானே கட்டுகிறோம் என்று நினைத்தேன். உன் அம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினாள், அதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன். பாக்கி 1,00,000 என்று வை. மாத வட்டி 3 சதவீதம், அதாவது முதல் மாதம் 3,000. பாக்கி 1,03,000 ஆகிறது. அதில் 5 சதவீதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்கிறார்கள், 5,150. கட்டிவிட்டாய். அதில் 3,000 வட்டிக்கே போய்விட்டது, அசலில் குறைந்தது 2,150. அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்ததால் குறைந்தபட்சத் தொகையும் கொஞ்சம் குறையும், நமக்குச் சந்தோஷமாக இருக்கும், அதைக் கட்டுவோம். இப்படியே கட்டிக்கொண்டு போனால், புதிதாக ஒரு பொருள்கூட வாங்காமல் இருந்தாலும், 32 மாதம் கழித்துப் பாதிக் கடன் அப்படியே நிற்கும். அதற்குள் நீ கட்டியிருப்பது கிட்டத்தட்ட 1,20,000. வாங்கிய கடனைவிட அதிகமாகக் கட்டிவிட்டு இன்னும் 50,000 பாக்கி.

இப்போது இன்னொன்றைப் பார். முதல் மாதம் கட்டினாயே 5,150, அதையே குறைக்காமல் ஒவ்வொரு மாதமும் கட்டிக்கொண்டு வா. ஒரு காசுகூட கூட்ட வேண்டாம். 30 மாதத்தில் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும். முதல் மாதம் கையிலிருந்து போகும் பணம் இரண்டிலும் ஒன்றுதான். அவர்கள் தொகையைக் குறைத்துக் கேட்கும்போது நாமும் சேர்ந்து குறைத்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தத் தாளைப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுப் பாக்கியையும் கட்டாமல் விட்டால், பெரும்பாலான கார்டுகளில், கட்ட வேண்டிய தேதி வரைக்கும் வட்டி போடாமல் விடும் அந்த நாட்கள் போய்விடும், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் பணமாக எடுத்தால் எப்படியும் எடுத்த அன்றிலிருந்தே வட்டிதான். ஆகவே பாக்கி இருக்கிற வரைக்கும் அந்தக் கார்டில் எதுவும் வாங்காதே. போனில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையும் அழித்துவிடு, கை தானாகவே போய்விடும்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். முதலில் ஒரு தாள். நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து, இருக்கிற எல்லாக் கடனையும் எழுத வேண்டும். யாருக்கு, அசல் எவ்வளவு மிச்சம், வட்டி எத்தனை சதவீதம், மாதத் தவணை எவ்வளவு, எந்தத் தேதி, இன்னும் எத்தனை மாதம். சொந்தக்காரர்களிடம் வாங்கிய கைமாற்றையும் எழுது, அதை யாரும் கடன் என்று எழுத மாட்டார்கள், ஆனால் மனதை அதிகம் அரிப்பது அதுதான். வட்டி தெரியாவிட்டால் கூப்பிட்டுக் கேள். கேட்கும்போது, வட்டியை மிச்சமிருக்கும் அசலுக்குப் போடுகிறீர்களா, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் போடுகிறீர்களா என்று கண்டிப்பாகக் கேள். 12 சதவீதம்தான் என்று சொல்லி 12 மாதத்துக்குக் கொடுத்த கடனில், முழுத் தொகைக்கும் வட்டி போட்டால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் நீ கொடுப்பது வருடத்துக்கு 21 சதவீதத்துக்கு மேல். நான் வாங்கிய தனிநபர் கடன் அப்படிப்பட்டது. கையெழுத்துப் போடும்போது எனக்கு அது தெரியாது, தவணை எவ்வளவு என்று மட்டும்தான் கேட்டேன்.

எதை முதலில் அடைப்பது? கணக்குப்படி வட்டி அதிகமான கடனைத்தான். மற்றதற்கெல்லாம் கட்ட வேண்டியதைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிச்சம் கிடைப்பது முழுவதையும் அதன்மேல் போட வேண்டும். ஒன்று முடிந்ததும் அந்தத் தவணைப் பணத்தை வீட்டுச் செலவில் கரைக்காமல் அப்படியே அடுத்த கடனுக்குத் திருப்ப வேண்டும். இதில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள், ஒரு கடன் முடிந்ததும் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். ஆனால் நாங்கள் முதலில் அடைத்தது வட்டியே இல்லாத அந்தக் கைமாற்றைத்தான். நான் கார்டுதான் முதலில் என்றேன், அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "தினமும் அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள், அது தீரட்டும்" என்றாள். கணக்குப்படி நஷ்டம்தான், ஆனாலும் அவள் சொன்னது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதற்கப்புறம்தான் எனக்கு நிமிர்ந்து நடக்கத் தெம்பு வந்தது. உங்கள் வீட்டில் எது முதலில் என்பதை நீங்கள் இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், அதை நான் சொல்லக் கூடாது.

அம்மாவின் சேமிப்பை என்ன செய்தோம் என்று கேட்பாய். ஒரு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை எல்லாம் கார்டு பாக்கியில் போட்டோம். அவளுக்கு அழுகை வந்துவிட்டது, எனக்கும்தான். ஆனால் 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகும் என்று தோராயமாகத் தெரியும். 4 சதவீதத்தில் அவள் பணம் இரட்டிப்பாக 18 வருடம். மாதம் 3 என்றால் வருடத்துக்கு 36 சதவீதம், அதில் என் கடன் இரட்டிப்பாக 2 வருடம். இதைப் பார்த்த பிறகு அந்தப் பணத்தை அங்கேயே விட்டு வைக்க மனசு வருமா? அந்த ஒரு மாதச் செலவை மட்டும் ஏன் விட்டு வைத்தோம் என்றால், கையில் சுத்தமாக ஒன்றும் இல்லாமல் கடனை அடைத்தால், அடுத்த காய்ச்சலுக்கே மறுபடி கார்டை எடுக்க வேண்டி வரும். கடன் எல்லாம் தீர்ந்த பிறகு அதை மூன்று மாதச் செலவாக ஏற்றினோம், அப்புறம் ஆறு மாதமாக.

செலவுக்கு வருகிறேன். மாப்பிள்ளையிடம் "நீங்கள் இதற்குச் செலவு செய்தீர்கள், அதற்குச் செலவு செய்தீர்கள்" என்று ஆரம்பிக்காதே. மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்துவைத்து இரண்டு பேரும் பேசாமல் படியுங்கள், அதுவே எல்லாம் சொல்லும். நாங்கள் பார்த்தபோது எங்களைக் கவிழ்த்தது தினசரிச் செலவு இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை வரும் செலவுகள். காப்பீடு, பள்ளிக் கட்டணம், வண்டி பழுது. ஒவ்வொரு வருடமும் திடீரென்று வந்தது போலப் பதறிக் கடன் வாங்கியிருக்கிறோம். வருடம் தவறாமல் வருவது எப்படித் திடீர்ச் செலவாகும்? அவற்றையெல்லாம் கூட்டி 12-ஆல் வகுத்து, அந்தத் தொகையை மாதாமாதம் வேறு கணக்கில் ஒதுக்கினோம். மூன்று வருடம் நான்கு மாதத்தில் நாங்கள் வெளியே வந்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

எல்லாவற்றையும் வெட்டிவிடாதே. நாங்கள் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தோம், வீடே இறுகிப்போய்விட்டது, நீ கேட்ட சின்னப் பொருளுக்கெல்லாம் நான் எரிந்து விழுந்தேன். நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. அப்புறம் ஆளுக்கு ஒரு சின்னத் தொகை, அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கலாமா என்று மாப்பிள்ளை போன தடவை கேட்டார். நல்ல யோசனைதான், 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு வாங்கிய கடனில் முதல் மாதத் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிதான், அதனால் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்குப் பலன் அதிகம். ஆனால் 36 சதவீதம் எரிந்துகொண்டிருக்கும்போது 9-ஐ அணைக்கப் போகக் கூடாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வாய்? கார்டு பாக்கியே அவருக்குத் தெரியாதே. பார், மறுபடி அங்கேயே வந்து நிற்கிறது.

ஏதாவது ஒரு மாதம் தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால் தேதி வருவதற்கு முன்னாலேயே கூப்பிட்டுச் சொல். தேதி தாண்டிய பிறகு பேசுவதற்கும் முன்னால் பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தவணை கட்டுவதற்காக இன்னொரு கடன் மட்டும் வாங்காதே, நிமிஷத்தில் கொடுக்கிறோம் என்று போனில் வரும் எதையும் தொடாதே. அப்புறம், யாருக்கும் ஜாமீன் கையெழுத்தும் போடாதே, அவர்கள் கட்டாவிட்டால் அது உன் கடன்.

இனி நீ கேட்ட பணம். தருகிறேன். திருப்பித் தர வேண்டாம், ஆனால் தாளில் எழுதியதும் முதலில் எனக்கு அனுப்பு, எதில் போடுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு நேராக அந்தக் கடனுக்கே கட்டுகிறேன். அந்தத் தாளில் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்க வேண்டும், உன் கையெழுத்து மட்டும் போதாது. மாப்பிள்ளைக்குக் கோபம் வரும், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பார். உன் அம்மா என்னோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாவது நாள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, பேனாவை நீட்டி, "முதல்ல எதை எழுதறது?" என்று கேட்டாள்.

அந்த நோட்டு இன்னும் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன், மாப்பிள்ளையிடமும் காட்டு, நான் ஒளித்து வைத்ததும் அவருக்குத் தெரியட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பேசிவிடு. பேசி முடித்ததும் கூப்பிடு, எத்தனை மணி ஆனாலும் சரி, நானும் அம்மாவும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா