ஞாயிறு காலை கரையான் சோதனை

வணக்கம் நம் தாமான் குடியிருப்பு மக்களே.

போன வார மழைக்குப் பிறகு நம் வரிசையில் மூன்று வீடுகளில் ஈசல் பறந்திருக்கிறது. என் வீட்டுச் சாமி அறை நிலையை விரலால் அழுத்திப் பார்த்தேன். பெயிண்ட் மட்டும்தான் நின்றது, உள்ளே கட்டையே இல்லை! நாம் குடியிருப்பது பழைய ரப்பர் காடு. மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டைகளில் கரையான் தங்கும். வரிசை வீடு வேறு, ஒரு வீட்டோடு நிற்காது.

வரும் ஞாயிறு காலை 9 மணிக்கு, உரிமம் உள்ள பூச்சி ஒழிப்புக்காரர் வீடு வீடாக வருகிறார். பார்ப்பதற்குக் காசு இல்லை. பசியாறிவிட்டுத் தயாராக இருங்கள்.

1. சுவரில் மண்கோடு (கரையான் போய்வரும் மண் பாதை) இருந்தால் கலைக்காதீர்கள். ஸ்ப்ரேயும் வேண்டாம். கண்ணில் பட்டவை சாகும், மற்றவை வேறு பக்கம் ஏறும், ராணி பாட்டுக்கு முட்டை போடும். மருந்து கலந்த இரை வைத்தால் அவையே கொண்டுபோய்க் கூட்டத்துக்கு ஊட்டிவிடும். அதற்கு அந்தப் பாதை கெடாமல் இருக்க வேண்டும்.

2. சிங்க் அடி அலமாரியைக் காலி செய்யுங்கள்.

3. சுவரோரம் சாய்த்த பலகை, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் எடுங்கள். போன தீபாவளிப் பலகாரப் பெட்டிகளையும்தான்!

4. ஒழுகும் பைப்பைச் சரி செய்யுங்கள். ஈரம் கரையானுக்கு விருந்து.

5. நாயைக் கட்டி வையுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வெள்ளி இரவு 9 மணிக்குள் வீட்டு எண்ணோடு ‘மண்கோடு உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று இங்கே போடுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் எனக்குப் புரியாது.