கார் சர்வீஸுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வைத்திருக்கும் எவரிடமும் எப்போது சர்வீஸ் விட வேண்டும் என்று கேட்டால், "பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது" என்ற விடைதான் உடனே வரும். ஷோரூமில் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்லி அனுப்புகிற வாசகம் அது. நானும் ஆறு ஆண்டுகளாக அதையே வேதவாக்காகக் கொண்டிருந்தேன். நம் நகரங்களில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அந்த வாசகம் பொருந்தாது என்பதையும், பொருந்தாது என்று கார் நிறுவனங்களே தங்கள் கையேட்டில் அச்சிட்டு வைத்திருக்கின்றன என்பதையும் பட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன். மற்றவர்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நான் வளசரவாக்கத்தில் குடியிருக்கிறேன். கோடம்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, ஆற்காடு சாலை வழியாக அலுவலகம் போய்ச் சேர வேண்டும். சுற்றிப் போவதையும் சேர்த்தால் ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் மெட்ரோ ரயில் பணி தொடங்கிச் சாலை நடுவே தகரத் தடுப்புகள் எழுந்த பிறகு, அந்த ஒன்பது கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் நான் கடந்த நாள்கள் மிகக் குறைவு. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், வண்டி மட்டும் நின்றுகொண்டிருக்கும். சொந்த ஊரான தூத்துக்குடிக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் போய் வந்துவிடுவதால், எங்கள் கார் சென்னையின் எல்லையைத் தாண்டுவதே இல்லை.

சென்ற கோடையில் ஒரு நாள் வடபழனி சிக்னலில் நின்றிருந்தபோது, டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுக்கியது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் மறைந்தது. காலை எடுத்தால் மறுபடி மினுக்கியது. முந்தைய சர்வீஸ் முடிந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஓடியிருந்தது 7,800 கிலோமீட்டர். ஆண்டும் முடியவில்லை, பத்தாயிரமும் ஆகவில்லை. வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டு, எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அதற்கு மேல் ஒரு அடி கூட ஓட்ட வேண்டாம் என்று தடுத்து, அவரே வந்து கட்டி இழுத்துப் போனார்.

ஷெட்டில் அவர் காட்டிய காட்சியை என்னால் மறக்க முடியவில்லை. ஆயில் மட்டத்தைப் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி வேஸ்ட் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் கீழ்க்குறியைக்கூடத் தொடவில்லை. நுனியில் ஒட்டியிருந்ததும் தார் போல இருந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதன் உட்புறத்தில் படிந்திருந்த கரிய பசையை விரலால் வழித்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியபோது, ஆயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் வலையில் பாதிக்கு மேல் அதே பசை அடைத்துக்கொண்டிருந்தது. ஆறு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது அது. "பத்தாயிரம் இன்னும் ஆகலையே அண்ணா" என்றேன். "வண்டி ஓடினது கம்மிதான் மேடம், இன்ஜின் ஓடினது கம்மி இல்லையே" என்றார்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் அந்த ஒரு வரி என்னை விடவில்லை. என் காரின் திரையில் சராசரி வேகத்தைக் காட்டும் வசதி உண்டு. அது மணிக்கு 13 கிலோமீட்டர் என்று காட்டியது. அந்தக் கணக்கில் 7,800 கிலோமீட்டருக்கு என் இன்ஜின் 600 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதே தூரத்தை நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியிருந்தால் 130 மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஓடோமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கோவில்பட்டிப் பக்கம் கரிசல் நிலத்தில் டிராக்டர் வைத்திருக்கும் என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு இதில் வியப்பே இல்லை. டிராக்டரில் மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர்தான் முக்கியம். 250 மணி நேரத்துக்கு ஒரு முறை அவர் ஆயில் மாற்றிவிடுகிறார். உழவு இன்ஜினின் பாரம் வேறு, கார் இன்ஜினின் பாரம் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இன்ஜினின் உழைப்பை மணிக்கணக்கில் அளப்பதே முறை என்பது உழவருக்கும், ஜேசிபி ஓட்டுநருக்கும், ஜெனரேட்டர் வைத்திருப்பவருக்கும் தெரிந்திருக்கிறது. கார் வைத்திருக்கும் நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

கையேட்டை அன்றிரவுதான் முதல்முறையாக முழுதும் படித்தேன். பராமரிப்பு அட்டவணைக்கு அடுத்த பக்கத்தில், கடுமையான சூழலில் ஓடும் கார்களுக்கென்று இரண்டாவதாக ஓர் அட்டவணை இருக்கிறது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் கையேட்டிலும் இது உண்டு. எது கடுமையான சூழல் என்று பட்டியலும் தந்திருக்கிறார்கள்: எட்டு கிலோமீட்டருக்கும் குறைவான குறும்பயணங்கள், நின்று நின்று நகரும் நெரிசல், நெடுநேரம் நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுதல், தூசியும் புழுதியும் நிறைந்த சாலை, கடும் வெப்பம், மலை ஏற்ற இறக்கம், உப்புக்காற்று, வாடகை வண்டியாக ஓட்டுதல். தமிழ்நாட்டு நகரத்தில் கார் ஓட்டும் யாராவது இந்தப் பட்டியலிலிருந்து தப்ப முடியுமா? ஏதோ பாலைவனத்திலும் பனிமலையிலும் ஓட்டுவதைத்தான் கடுமையான ஓட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போய்வரும் வண்டிதான் உண்மையில் அந்தப் பட்டியலில் முதலில் வருகிறது.

குறும்பயணம் ஏன் கெடுதல் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியே வெளியேறிவிட்டாலும், ஒரு சிறு பங்கு பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து ஆயில் இருக்கும் பகுதிக்குள் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் கரியும் அதனுடன் சேர்ந்தே இறங்குகின்றன. ஆயில் நன்றாகச் சூடேறினால் நீரும் பெட்ரோலும் ஆவியாகிப் போய்விடும். ஆனால் வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் முழுச் சூட்டை எட்ட மேலும் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் நாம் பள்ளி வாசலில் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். பிறகு நெரிசலில் நிற்கும்போது இதற்கு நேர்மாறான கேடு நேர்கிறது: எதிர்க்காற்று இல்லாமல் இன்ஜின் பகுதி முழுவதும் வெந்து, ஆயில் சூட்டிலேயே கிடந்து தன் தன்மையை இழக்கிறது. நாள் முழுவதும் நெடுஞ்சாலையில் பறக்கும் டாக்ஸியின் ஆயில், என் காரின் ஆயிலைவிட நல்ல நிலையில் இருந்தாலும் வியப்பில்லை.

பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் வந்த இந்த வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தள்ள அதற்குத் தொடர்ச்சியான சூடு வேண்டும். குறும்பயணத்தில் அது பாதியிலேயே நின்றுபோகிறது; அந்த எரிப்புக்கென்று கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சியடைய வேண்டாம். உடனே ஷெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தூசியின் கதை வேறு. ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்க இன்ஜின் ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது. ஆற்காடு சாலையில் அந்தக் காற்று எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என் காரின் ஏர் ஃபில்டரை எடுத்துத் தரையில் இரண்டு தட்டுத் தட்டியபோது, ஒரு கைப்பிடி சாம்பல் நிறத் தூள் கொட்டியது. மடிப்புகளுக்குள் அடைந்திருந்தது அப்போதும் வரவில்லை. பல கையேடுகளில் இதை 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் போதும் என்று வழக்கமான அட்டவணை சொல்கிறது. கட்டுமானப் பணி நடக்கும் சாலையில் நாள்தோறும் ஓடும் காருக்கு அது பொருந்தவே பொருந்தாது.

கடற்கரை ஊர்களில் இன்ஜினைவிட உடல்தான் முதலில் போகிறது. தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் அண்ணனின் கார் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. ஆனாலும் ஐந்தாம் ஆண்டில் சைலன்ஸர் ஓட்டையாகிவிட்டது. பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. உப்பளக் காற்றுக்குக் கிலோமீட்டர் தெரியாது. அங்கெல்லாம் மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவிவிடுவதும், மழைக்காலத்துக்கு முன் அடிப்பகுதியில் துருப்பிடிக்காமல் பூசும் அண்டர் கோட்டிங்கைப் பார்த்துக்கொள்வதும் சர்வீஸின் பகுதியாகவே ஆக வேண்டும்.

மலைப்பாதையில் அடிக்கடி செல்பவர்கள் பிரேக் ஆயிலை மறக்கக்கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட்-4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் சேர்ந்த பின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையிலிருந்தோ, நாற்பது வளைவுகள் கொண்ட வால்பாறைப் பாதையிலோ, தாழ்ந்த கியரில் இறங்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எளிதில் ஏறிவிடும். ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள்; மலையில் குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவதே நல்லது என்பது என் கருத்து.

முழு சிந்தெடிக் ஆயில் ஊற்றிவிட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று சர்வீஸ் மையத்தில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அது சூட்டை நன்றாகத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உள்ளே இறங்கும் நீரையும் கரியையும் அது தடுத்து நிறுத்தாது. ஆயில் ஃபில்டரின் கொள்ளளவும் அதனால் கூடிவிடாது.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது: 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுகிறேன். ஏர் ஃபில்டரை அப்போதே பார்த்து, பத்தாயிரத்தில் மாற்றுகிறேன். ஏசி ஃபில்டருக்கும் அதே கணக்கு. மாதத்தின் முதல் ஞாயிறன்று, இன்ஜின் ஆறியிருக்கும்போது, டிப்ஸ்டிக்கையும் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் மட்டத்தையும் நானே பார்க்கிறேன். கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றுவதில்லை. கூடுதல் செலவு ஓர் ஆயில் மாற்றத்துக்கு ஆவதுதான். சம்ப்பைக் கழற்றியதற்கும், ஆயில் பம்பை மாற்றியதற்கும் நான் கொடுத்த தொகையில் பல ஆண்டுகளுக்கு ஆயில் மாற்றியிருக்கலாம்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கடுமையான ஓட்டம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கையேட்டில் எங்கும் இல்லாத இன்ஜின் கோட்டிங், உள் கழுவல், வாசனைத் தெளிப்பு என்று பில்லை ஏற்றும் இடங்களும் உண்டு. எதைச் செய்யச் சொன்னாலும், கையேட்டின் எந்த வரியில் அது இருக்கிறது என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. வாரண்டி காலத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஆயில் மாற்றினாலும், நிறுவனம் குறித்த சர்வீஸ்களைத் தவறவிடாமல், பில்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

கார் நிறுவனங்களிடம் நான் கேட்பது மூன்று. கையேட்டின் அந்த இரண்டாவது அட்டவணையையாவது தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, சாவியோடு சேர்த்துத் தர வேண்டும். சர்வீஸுக்கு வண்டியை எடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு, எங்கே, எப்படி, எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். டிராக்டரில் இருக்கும் மணிக்கணக்கைக் காரின் திரையிலும் காட்ட வேண்டும். சராசரி வேகத்தைக் கணக்கிடத் தெரிந்த கருவிக்கு இது ஒரு பெரிய வேலை அல்ல.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் புதிய கார்களின் விலையும் வசதியும் வாரந்தோறும் வருகின்றன. ஏற்கெனவே வாங்கியவர்கள் தங்கள் ஊருக்கும் ஓட்டத்துக்கும் ஏற்ப எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்பதை, அனுபவமுள்ள மெக்கானிக்குகளைக் கொண்டு அதே பக்கத்தில் எழுதச் செய்தால் பேருதவியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அது வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
வளசரவாக்கம், சென்னை.